நடுங்கும் கையும் குறிவைக்கும் கிரணமும்

அமெரிக்க சுதந்திரப் போராட்டத்தை மூட்டி வளர்த்தவர்களில் முதல் வரிசையில் நின்றவர் பாஸ்டன் நகரத்து ஸாமுவேல் ஆடம்ஸ். நடு வயதிலேயே அவருக்குக் கை நடுக்கம் கண்டது. வயது ஏற ஏற நடுக்கமும் ஏறியது. ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்த்துக் கடிதங்களும் கட்டுரைகளுமாக எழுதிக் குவித்த அந்தக் கை, முதுமையில் பேனாவைப் பிடிக்கவும் சக்தியற்றுப் போயிற்று. அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுத வேண்டியதாயிற்று. 1803-ம் ஆண்டில் அவர் காலமானார். அவருக்கிருந்தது இன்று ‘எஸென்ஷியல் ட்ரெமர்’ என்று வழங்கும் வியாதியே என்பது அவருடைய கையெழுத்தையும் கடிதங்களையும் ஆராய்ந்த நரம்பு வைத்தியர்களின் அபிப்பிராயம்.

‘எஸென்ஷியல்’ என்னும் அடைமொழியைக் கண்டு நேயர்கள் மயங்க வேண்டாம். காரணம் இன்னதென்று தெரியாத வியாதிகளுக்கு வைத்தியர்கள் சூட்டும் மரியாதையான பெயர் அது. வேறொரு நோயின் அங்கமாக வராமல் தானே தனித்து வருவதால் நாம் இதைத் தனி நடுக்கம் என்று அழைப்போம். பலர் இதனைப் பார்க்கின்ஸன் வியாதியுடன் சேர்த்துக் குழப்பிக் கொள்கிறார்கள். இரண்டும் வேறு. பார்க்கின்ஸன் வியாதியில் கை சும்மா இருக்கும்போது நடுங்கும். வேலை செய்யப் புகுந்தால் பெரும்பாலும் தணியும். தனி நடுக்கமோ இதற்கு நேர் விரோதமானது. மடிமேல் கிடக்கும் வரையில் கை சாதுவாக இருக்கும். தண்ணீர்த் தம்ளரை எடுத்தால், சாவியைப் பூட்டில் நுழைத்தால், பத்திரத்தில் கையெழுத்திட முனைந்தால், அந்தக் கணமே ஆட்டம் தொடங்கிவிடும். ஒரு விநாடிக்கு 4 முதல் 12 தடவை வரை ஆடும். பல குடும்பங்களில் இது வாழையடி வாழையாக வருகிறது.

இதனால் எவரும் சாவதில்லை. ஆகவே இது அற்ப வியாதி என்று எண்ணுவோர் உண்டு. மொத்த ஜனங்களில் நூற்றுக்கு ஒருவர் என்றும், 65 வயதைத் தாண்டியவர்களில் இருபதுக்கு ஏறக்குறைய ஒருவர் என்றும் கணக்கிடப்பட்டிருக்கும் வியாதியை அற்பமென்று எவ்வாறு தள்ளுவது? பந்தியில் உட்கார்ந்து ரசத்தை இலையிலிருந்து வாய்க்குக் கொண்டுபோக முடியாதவர் விருந்துக்குப் போவதை நிறுத்திவிடுகிறார். கையெழுத்து ஒத்துவரவில்லை என்று பாங்கியில் செக்கைத் திருப்பிக் கொடுத்தால், தம் பணத்தைத் தாமே எடுக்க முடியாத நிலை வருகிறது. குடியர் என்று சந்தேகிக்கப்படும் அவமானம் இவற்றுக்கெல்லாம் மேற்பட்டது. இதில் விபரீதம் என்னவென்றால், சிறிது மது உள்ளே சென்றால் இந்நடுக்கம் பலருக்கு ஓரிரு மணி நேரம் தணிகிறது. பிறகு முன்னிலும் அதிகமாகத் திரும்புகிறது. இவ்வழியாகக் குடியில் விழுந்தவர்களும் இல்லாமற் போகவில்லை.

மருந்துகள் இரண்டு முக்கியமானவை. இருதய வைத்தியத்தில் வழங்கும் புரோப்ரனலால் ஒன்று. காக்காய் வலிப்புக்குக் கொடுக்கும் ப்ரிமிடோன் மற்றொன்று. இவற்றால் குணமடைவோர் ஏறக்குறையப் பாதிப் பேர்தாம். ஆஸ்துமா உள்ளவர்க்கும் நாடித்துடிப்பு மந்தமானவர்க்கும் முதல் மருந்து ஆகாது. இரண்டாவது மருந்தின் மயக்கத்தைக் கிழவர்கள் தாங்குவதில்லை. மருந்து கைவிட்டவர்களுக்குத்தான் மூளையில் செய்யும் சிகிச்சை என்ற பேச்சு எழுகிறது.

மூளையில் எங்கே கை வைப்பது? பின்தலையிலுள்ள சிறுமூளையிலிருந்து புறப்படும் நரம்பு இழைகள் மூளையின் நடுவே தலாமஸ் என்னும் நரம்புத் திரளில் வந்து சேர்கின்றன. அங்கிருந்து அங்க அசைவுகளை ஆளும் மேற்புறணிக்குச் செய்தி செல்கிறது. இந்த வட்டத்தில் ஓர் ஒழுங்கான துடிப்பு குடிகொண்டு சுழன்று கொண்டேயிருப்பதுதான் நடுக்கம் என்பது இன்றைய கொள்கை. தலாமஸில் ‘விம்’ என்று சுருக்கமாக வழங்கும் ஒரு சிறு பாகத்தில் இந்த வட்டத்தை அறுத்துவிட்டால், மறுபக்கத்துக் கையின் நடுக்கம் ஓய்கிறது. 1947-ல் பிலடெல்பியாவில் ஸ்பீகல், வைஸிஸ் என்ற இருவர் மனிதனுடைய தலையில் உலோகச் சட்டம் பொருத்தி, அளவு பார்த்து ஊசியைச் செலுத்தும் முறையைத் தொடங்கியது முதல், இந்தக் குறிபார்க்கும் ரண சிகிச்சை உலகெங்கும் பரவியது. நம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியிலும் 1960-களில் டாக்டர்கள் ராமமூர்த்தி, பாலசுப்ரமணியம், கல்யாணராமன், கனகா ஆகியோர் இதைத் திறமையுடன் நடத்தினார்கள் என்பதைப் பெருமையுடன் நினைவூட்டுகிறோம். பிறகு 1987-ல் பிரான்ஸ் தேசத்துக் க்ரனோபிளில் பெனாபிட் என்பவர், அந்த இடத்தை அழிக்காமல் மின்கம்பியைப் புதைத்து ஓயாமல் மின்துடிப்புக் கொடுத்தாலே நடுக்கம் அடங்குவதைக் காட்டினார். அந்த முறைதான் இன்று முதன்மை வகிக்கிறது.

ஆனால் மண்டையில் துளையிடுவதை எல்லோருடைய தேகமும் ஏற்காது. எண்பது வயதில் இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவருடைய மூளைக்குள் ஊசியைச் செலுத்த எந்த ஸர்ஜனுக்குத் துணிவு வரும்? இத்தகையோருக்காகவே மண்டையைத் திறக்காத ஒரு வழி உண்டு. ஸ்டாக்ஹோம் நகரத்து லார்ஸ் லெக்ஸல் என்ற ஸர்ஜன் 1951-ல் ‘ரேடியோ ஸர்ஜரி’ என்ற சொல்லையும் அதன் கருத்தையும் வெளியிட்டார். கிரண ரண சிகிச்சை என்று நாம் அதைச் சொல்லலாம். பௌதிக நிபுணர் பூரியெ லார்ஸனுடன் சேர்ந்து அவர் அமைத்த முதல் யந்திரம் 1968-ல் ஸ்டாக்ஹோமில் வேலைக்கு வந்தது. அதில் 179 கோபால்ட் துண்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய காமாக் கிரணம். தனித்தனியே எந்தக் கிரணமும் மூளைக்குத் தீங்கு செய்யாது. எல்லாம் கூடும் ஒரே புள்ளியில் மட்டும் திசு அழியும். கத்தியில்லாத இந்த யந்திரத்துக்குக் காமா கத்தி என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்று இது பெரும்பாலும் மூளைக் கட்டிகளுக்கும் இரத்தக் குழாய்க் கோளாறுகளுக்கும் பயன்படுகிறது. ஆயினும் லெக்ஸல் இதை முதலில் சிருஷ்டித்தது வலி, நடுக்கம் முதலிய நரம்புத் தொழிற் கோளாறுகளை மனத்தில் வைத்தேயாகும்.

நடுக்கத்துக்காக ‘விம்’ மீது செலுத்தும் அளவு சாதாரணமாக 130 கிரே. இது எவ்வளவு என்பதை நேயர்கள் அறிய ஒரு கணக்குச் சொல்லுகிறோம். உடல் முழுவதும் 4 அல்லது 5 கிரே பட்டுச் சிகிச்சையும் இல்லாமற் போனால் பட்டவர்களில் பாதிப் பேர் மடிவார்கள். அதைப்போல் முப்பது மடங்குக்குச் சற்றேறக்குறைய உள்ள அளவு, ஒரு மிளகளவு இடத்தில், ஒரே தடவையில் இறக்கப்படுகிறது. அந்த மிளகு தன் இடத்தை விட்டுச் சில மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளிப் போனால் அங்கே பாதி உடம்பையும் இயக்கும் நரம்புக் கற்றை செல்கிறது. பின்பக்கம் போனால் தொடுவுணர்ச்சிக்குரிய பாகம் இருக்கிறது. கை நடுக்கம் நீங்கக் கேட்டவர் பக்கவாதத்தைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்ப நேரலாம்.

இவ்வளவு நுட்பமான குறி கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்டால், தெரிவதில்லை என்பதே பதில். சாதாரண ஆஸ்பத்திரிகளிலுள்ள எம்.ஆர்.ஐ. யந்திரம் எடுக்கும் படத்தில் தலாமஸ் தெரியும். அதற்குள் ‘விம்’ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரியாது. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஆகவே வைத்தியர்கள் தெரிகிற அடையாளங்களை வைத்துத் தெரியாத இடத்தை அளக்கிறார்கள். மூளையின் நடுவில் முன் இணைப்பு, பின் இணைப்பு என்ற இரண்டு குறுக்கு நரம்புப் பாலங்கள் உண்டு. அவற்றினிடையே உள்ள தூரத்தில் கால் பங்கைப் பின் பாலத்திலிருந்து முன்னோக்கி அளந்து, நடுவிலுள்ள நீர் அறையின் சுவரிலிருந்து 11 மில்லிமீட்டர் அளவு வெளியே சென்றால் அங்கே ‘விம்’ இருக்கும் என்பது கணக்கு. கரையிலுள்ள கோபுரத்தையும் பனைமரத்தையும் பார்த்துக் கடலடியிலுள்ள பாரை இன்ன இடமென்று அறியும் நம் மீனவரின் வித்தை இதுவே. வேற்றுமை என்னவெனில், மீனவரின் பார் நகர்வதில்லை. மூளையோ ஆளுக்கு ஆள் மாறுகிறது. இறந்துபோன சிலருடைய மூளைகளை ஏடு ஏடாகச் சீவித் தயாரித்த படப் புஸ்தகங்களின் அளவுகள், உயிருடன் இருக்கும் எண்பது வயதுக் கிழவருடைய சுருங்கிய மூளைக்கு அப்படியே பொருந்துமென்று எவர் உத்தரவாதம் கொடுப்பார்?

ஊசியோ மின்கம்பியோ செலுத்தும் முறையில் இந்தக் குறைக்கு ஒரு பரிகாரம் உண்டு. நோயாளி விழித்திருக்கிறார்; ஸர்ஜன் அந்த இடத்தில் சிறிது மின்சாரம் விட்டுப் பார்க்கிறார்; கை ஓய்ந்தால் இடம் சரி, முகம் மரத்தால் இடம் தவறு. காமா கத்தியில் இத்தகைய பரீட்சைக்கு இடமே இல்லை. கிரணம் பாயும்போது ஒன்றும் தெரியாது. அன்று மாலை நோயாளி நடுங்கும் கையுடனேயே வீடு செல்கிறார். பலன் வாரங்களுக்கும் மாதங்களுக்கும் பிறகே தோன்றுகிறது. குறி தப்பியிருந்தாலும் அதே மாதங்களுக்குப் பிறகே தெரியும். அப்போது திருப்பியெடுக்க வழியில்லை. படம் ஒன்றே கண். அந்தக் கண்ணும் மங்கல். இந்தச் சிகிச்சையின் பலாபலன்களைப் பற்றிய விவாதம் முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது.

பலன்களைப் பார்ப்போம். மார்ஸேல்ஸ் நகரத்தில் ஜான் ரேஜிஸ் என்ற ஸர்ஜனும் அவருடைய சகாக்களும் 50 நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தனி நடுக்கமுள்ளவர். மற்றவர் பார்க்கின்ஸன் வியாதியினர். சிகிச்சை செய்தவரே தம் வேலைக்கு மதிப்பெண் போட்டுக் கொள்ளவில்லை. எது முன், எது பின் என்று அறியாத ஒருவரே நடுக்கத்தை மதிப்பிட்டார். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த ஆராய்ச்சிக்கு நாம் மதிப்புக் கொடுக்கிறோம். ஓராண்டின் முடிவில் கையின் நடுக்கம் நூற்றுக்கு 54 பங்கு குறைந்திருந்தது. பலன் தோன்ற எடுத்த காலம் நடுத்தரமாக ஐந்து மாதங்களுக்குச் சற்று மேல். தீங்கு என்று சொல்லத்தக்கது ஒரே ஒருவருக்கு. அவருக்குக் கண்ட பக்க பலவீனமும் பிறகு நீங்கிவிட்டது.

இதைக் கேட்டு மகிழ்ந்துவிடும் முன் டொரண்டோ நகரத்துச் செய்தியையும் கேட்க வேண்டும். 2010-ல் அங்கிருந்து வந்த அறிக்கையில், அதே வகைச் சிகிச்சை பெற்ற 14 பேரை இவ்வாறே விவரம் அறியாத பரிசோதகர் மதிப்பிட்டிருக்கிறார். தினசரிக் காரியங்கள் சற்று எளிதாகியிருந்தன. ஆனால் நடுக்கத்தின் அளவில் குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. இன்னும் முந்தி, 2001-ல் நரம்பு வைத்தியர் மைக்கேல் ஓகனும் பிறரும், பார்க்கின்ஸன் வியாதிக்குக் காமா கத்தி சிகிச்சை பெற்றுக் கேடுற்ற எட்டுப் பேரை எட்டு மாதங்களுக்குள் ஒரே நிலையத்தில் தாம் கண்டதாக எழுதினார்கள். பக்கவாதம், பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை முதலிய கஷ்டங்கள் அவர்களுக்கு வந்திருந்தன. ஒரே யந்திரம், ஒரே குறி. ஓரிடத்தில் இத்தனை சுகம், மற்றோரிடத்தில் இத்தனை ஏமாற்றம். ஸர்ஜனின் கைத்திறமை என்று மட்டும் இதற்குச் சமாதானம் சொல்லிவிட முடியுமா? குறியை நிர்ணயித்த விதம், கொடுத்த கிரண அளவு, தேர்ந்தெடுத்த நோயாளிகள், மதிப்பிட்ட முறை எல்லாம் இதில் கலந்திருக்கின்றன.

கிரணத்துக்கு மூளை பதில் சொல்லும் விதமும் ஒருபடித்தானதன்று. சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதங்கள் கழித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் பெரும்பாலும் நடு இருண்டு ஓரம் பிரகாசிக்கும் ஒரு சிறு வளையம் தோன்றும். சிலருக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. வேறு சிலருக்கோ அதே 130 கிரே அளவு எதிர்பாராத பெரிய புண்ணையும் சுற்றிலும் வீக்கத்தையும் உண்டாக்குகிறது. யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஆகையால் சிகிச்சைக்குப் பின் ஓராண்டு வரையிலாவது படம் எடுத்துப் பார்த்துவராத நிலையம், தான் செய்த வேலையைத் தானே பாராமல் முதுகு திருப்பிக் கொள்கிறது என்றே சொல்லுவோம்.

இந்தக் கண்ணின் மங்கலைப் போக்கவே பல இடங்களில் முயற்சி நடக்கிறது. ஸ்விட்ஸர்லாந்தின் லோஸான் நகரத்தில் 7 டெஸ்லா சக்தியுள்ள காந்த யந்திரத்தைக் கொண்டு தலாமஸின் உட்பிரிவுகளை ஓரளவு நேரடியாகவே காண முடிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் வழங்குவது ஒன்றரை அல்லது மூன்று டெஸ்லாதான். மற்றொரு வழி, நரம்பு இழைகளின் ஓரமாக நீர் அணுக்கள் ஊர்ந்து செல்லும் திசையைப் படமெடுத்து, சிறுமூளையிலிருந்து வரும் கற்றை எங்கே தலாமஸில் நுழைகிறது என்று கண்டு அங்கேயே குறிவைப்பது. புஸ்தகத்தின் சராசரி மூளையை விட்டு, இந்த மனிதருடைய மூளையையே பார்த்து அளக்கும் முறை இது. சரியான திசையில் வைத்த அடி என்பது நம் அபிப்பிராயம்.

இவற்றிலும் விசித்திரமான ஒரு செய்தி லோஸானிலிருந்தும் மார்ஸேல்ஸிலிருந்தும் சேர்ந்து வந்திருக்கிறது. கான்ஸ்டன்டின் துலியாஸ்கா என்ற ஸர்ஜனும் ரேஜிஸ் முதலிய அவருடைய சகாக்களும், சிகிச்சைக்கு முன்பும் ஓராண்டுக்குப் பின்பும் நோயாளிகளின் மூளையைப் படமெடுத்து ஒப்பிட்டார்கள். வலது கை நடுக்கத்துக்காக இவர்களுடைய இடது தலாமஸில் கிரணம் செலுத்தப்பட்டது. யாருக்குக் குணம் நன்றாகக் கிட்டியது என்பதை முன்கூட்டிக் காட்டும் அடையாளம் மூளையில் எங்கேனும் உண்டா என்று தேடினார்கள். சிறுமூளையிலோ அசைவுப் புறணியிலோ அது கிடைக்குமென்று எவரும் எதிர்பார்ப்பார்கள். கிடைத்ததோ பின்தலையில், அதுவும் சிகிச்சை செய்யாத வலது பக்கத்தில், கண்ணால் கண்டதை வகைப்படுத்தும் பார்வைப் புறணியில்! அங்குள்ள சாம்பல் பொருளின் அளவும், மூளை சும்மா இருக்கும்போது அப்பகுதியின் இரத்த ஓட்டம் ஏறி இறங்கும் ஒழுங்கும், பின்னால் ஏற்பட்ட குணத்துடன் சம்பந்தப்பட்டிருந்தன.

நடுக்கத்துக்கும் பார்வைக்கும் என்ன சம்பந்தம்? யோசித்தால் முழு ஆச்சரியமில்லை. தனி நடுக்கமுள்ளவரின் கை, கண் வழிகாட்டிச் செய்யும் நுண்ணிய வேலையில்தான் மிகவும் ஆடுகிறது. குறியை உற்றுப் பார்த்துக் கையைத் திருத்தத் திருத்த ஆட்டம் மிகுவதைச் சோதனைகளிலும் கண்டிருக்கிறார்கள். சிறுமூளை, தலாமஸ், அசைவுப் புறணி என்ற மூன்றோடு நின்றுவிடாமல் நடுக்கத்தின் வட்டம் பார்வைப் பகுதி வரையில் விரிகிறது என்று துலியாஸ்கா கூட்டத்தார் வாதிக்கிறார்கள். மிளகளவு புண் ஒன்று, தான் இருக்கும் இடத்தில் மட்டுமன்றித் தொலைவிலுள்ள நரம்புக் கூட்டங்களின் நடத்தையையும் மாற்றுகிறது என்பது அவர்கள் கொள்கை.

இந்தக் கொள்கை மெய்யாயின் அதன் பயன் பெரிது. சிகிச்சைக்கு முன் ஒரு படத்தைப் பார்த்து, ‘உமக்குப் பலிக்கும், உமக்குப் பலிக்காது’ என்று சொல்லக்கூடிய காலம் வரும். ஆனால் இன்று அது வந்துவிடவில்லை. பரிசோதிக்கப்பட்ட கூட்டம் சிறியது. பல்லாயிரம் புள்ளிகள் கொண்ட மூளைப் படத்தில் எங்கேனும் ஒரு சம்பந்தத்தைத் தேடினால் தற்செயலாகவும் ஒன்று அகப்படக் கூடும். கூட்டத்தின் சராசரியில் மெய்யானது, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்கு மெய்யாகும் என்ற நிச்சயமும் இல்லை. வேறு நிலையங்கள், வேறு நோயாளிகளிடத்தில், இதே அடையாளத்தை முன்னதாகவே எழுதி வைத்துப் பிறகு பலனுடன் ஒப்பிட்டுக் காட்டட்டும், அப்போது ஏற்போம். வர்ணமிட்ட மூளைப் படத்துக்கு மக்களை மயக்கும் சக்தி அதிகம். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு புள்ளியைக் காட்டி ‘இதோ பாரும்’ என்றால், படித்தவர்களும் வாயடைத்துப் போகிறார்கள். அந்த வர்ணம் யந்திரத்தில் பிறந்ததன்று, கணக்கிட்டவர் தீட்டியது.

இதற்கிடையே போட்டிக்கு ஒரு புதிய முறையும் வந்துவிட்டது. ஒலி அலைகளை மண்டை ஓட்டின் வழியே குவித்து ‘விம்’ பாகத்தைச் சூடாக்கி அழிப்பது அது. 2016-ல் வெளியான ஆராய்ச்சியில் 76 நோயாளிகளில் 56 பேருக்கு உண்மைச் சிகிச்சையும் 20 பேருக்குப் பாவனைச் சிகிச்சையும் செய்யப்பட்டன. மூன்று மாதங்களில் முதல் கூட்டத்துக்கு நடுக்கம் நூற்றுக்கு 47 பங்கு குறைந்தது. பாவனைக் கூட்டத்துக்கு ஒன்றும் குறையவில்லை. காமா கத்தியின் ஆதரவாளர்கள் இத்தகைய பாவனைப் பரீட்சையை முதலிலேயே நடத்தியிருந்தால் அவர்கள் கட்சி எவ்வளவோ வலுத்திருக்கும். ஒலி முறையில் எம்.ஆர்.ஐ. யந்திரத்துக்குள்ளேயே நோயாளி விழித்தபடி படுத்திருக்கிறார். சூடு ஏறும் இடத்தைப் படம் அப்போதைக்கப்போது காட்டுகிறது. முதலில் சிறு சூடு கொடுத்துக் கை ஓய்கிறதா என்று பார்த்தபின் முழுச் சூடு கொடுக்கலாம். குறை இதிலும் உண்டு. ஓராண்டுக்குப் பிறகும் நூற்றுக்கு 14 பேருக்கு மரமரப்பும் 9 பேருக்கு நடைத் தடுமாற்றமும் நீடித்தன. மண்டை ஓட்டின் அமைப்பு ஒத்துவராதவர்க்கு ஒலி உள்ளே புகாது. அத்தகையோருக்கும், ஊசி ஆகாதவர்க்கும், காமா கத்தி இன்னும் ஒரு துணையே.

ஆகவே இச்சிகிச்சையைத் தூற்றுவது நம் நோக்கமன்று. அதை நாடிச் செல்லும் முதியவரும் அவருடைய பிள்ளைகளும் கூச்சமின்றிக் கேட்க வேண்டியவை சில உண்டு. குறியை நீங்கள் எப்படி நிர்ணயிப்பீர்கள்? எத்தனை கிரே கொடுப்பீர்கள்? இதற்கு முன் எத்தனை பேருக்குச் செய்தீர்கள். அவர்களை மதிப்பிட்டவர் யார்? ஓராண்டு வரை படமெடுத்துப் பார்ப்பீர்களா? இவற்றுக்கு நேரான பதில் வராத இடத்தில் தலையைக் கொடுப்பது உசிதமன்று. குறைந்தது பாதி வருஷம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதையும், அத்தனைக்கும் பின் ஒன்றும் நிகழாமலும் போகலாம் என்பதையும் முதல் நாளே தெளிவாகச் சொல்லுகிற வைத்தியரை நம்பலாம்.

இன்னொரு கை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். ஒரு பக்கத்துத் தலாமஸில் செய்தால் எதிர்ப்பக்கத்துக் கைக்கு மட்டுமே பலன். இரு பக்கமும் அழித்தால் பேச்சு குழறவும், விழுங்குவது கடினமாகவும், நடை தள்ளாடவும் கூடுமென்று பழைய ஊசிக் காலத்திலேயே அனுபவம் ஆகிவிட்டது. ஒலி முறையில் முதல் பக்கம் முடிந்து குறைந்தது ஒன்பது மாதங்கள் சென்றபின் இரண்டாம் பக்கமும் செய்யலாமென்று 2022 டிசம்பரில் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. காமா கத்தியில் இரு பக்கமும் துணிந்து செய்யும் நிலையங்கள் சிலவே. பெரும்பாலான நோயாளிகள் எழுதவும் உண்ணவும் பயன்படும் கையைத் தேர்ந்துகொண்டு மற்றதை நடுங்க விட்டுவிடுகிறார்கள்.